கரிக்கும் ஓர் ஐந்தொகை
வாசகர் கேள்வி – பதில்

சிறு அரசு அலுவலகங்கள் கார்பன் உமிழ்வைக் குறைக்கத் திட்டம் போடுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து வந்தவற்றில் பத்தை எடுத்துக்கொண்டோம். கேட்டவர் பெயரும் அலுவலகத்தின் பெயரும் வெளியிடவில்லை. தணிக்கைக்கு அஞ்சியவர்கள் நிம்மதியாக இருக்கலாம். விடைகளில் உமிழ்வு ‘கிலோ’ என்று வருவதெல்லாம் கரியமில வாயுவின் எடை அல்லது அதற்கு ஈடான எடை.

எட்டுப் பேர் வேலை பார்க்கும் பேரூராட்சி அலுவலகம் எங்களுடையது. கார்பன் குறைப்புத் திட்டத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லி மேலிடத்துக் கடிதம் வந்திருக்கிறது. பக்கத்து ஊர்த் திட்டத்தையே பெயர் மாற்றி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசிக்கிறோம். எங்கே தொடங்குவது?
– இளநிலை உதவியாளர், காரைக்குடி வட்டம்

பெயர் மாற்றி அனுப்பினால் இந்த வெள்ளி தப்பிக்கும். அடுத்த ஆண்டு ‘எவ்வளவு குறைந்தது?’ என்று கேட்பார்கள். அப்போது பக்கத்து ஊரின் மின்கட்டண அட்டையையும் கடன் வாங்க வேண்டியிருக்கும். 2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளியிடுவதும் திரும்ப இழுப்பதும் சமம் என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்தது. மாநிலத்தில் காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டு, மாவட்டந்தோறும் ஆட்சியர் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதம் ஒரு தடவையோடு நிற்காது.

உங்கள் ஊருக்குப் புரியும்படி சொன்னால், முதலில் ஐந்தொகை, அதாவது ஆண்டின் மொத்தக் கணக்கு, எடுங்கள். வட்டிக்கடையில் சிட்டையும் (அன்றாடக் குறிப்பு) பேரேடும் இல்லாமல் யாரும் ஐந்தொகை எடுத்ததில்லை. இங்கே சிட்டை என்பது நான்கு தாள்கள்: மின் பில், வண்டியின் லாக் புத்தகம், ஜெனரேட்டர் டீசல் பதிவேடு, ஏ.சி. சர்வீஸ் ரசீது. தேநீர் போடுகிறீர்கள் என்றால் கேஸ் சிலிண்டர் ரசீதும் சேரும்.

கடைசியாக முடிந்த நிதியாண்டை, அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, அடிப்படை ஆண்டாக வையுங்கள். 2020–21 வேண்டாம். ஊரடங்கில் அலுவலகம் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அதோடு ஒப்பிட்டால் எந்த ஆண்டும் கூடுதலாகத்தான் தெரியும். மின் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் ஏப்ரல் 1 நடுவில் விழும். அந்தப் பில்லின் யூனிட்டை நாள்கணக்கில் பிரித்துப் போடுங்கள். ரூபாயை எழுதாதீர்கள், யூனிட்டை எழுதுங்கள். 2022 செப்டம்பர், 2024 ஜூலை என்று பல தடவை கட்டணம் ஏறியிருக்கிறது. மின்சாரத்தைக் குறைத்த அலுவலகத்திலும் ரூபாய் கூடியிருக்கும்.

பெருக்க வேண்டிய எண்கள்: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.72 கிலோ. (மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் எண் இது, அண்மை ஆண்டுகளில் 0.71, 0.73 என்று அசைகிறது.) டீசல் லிட்டருக்கு 2.68, பெட்ரோல் லிட்டருக்கு 2.3, சமையல் எரிவாயு கிலோவுக்கு ஏறத்தாழ 3. ஏ.சி. வாயுவின் எண் தனி, கீழே வருகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு. இரு மாத பில் 1,450 யூனிட் என்றால் ஆண்டுக்கு 8,700 யூனிட், 6,264 கிலோ. வண்டிக்கு மாதம் 90 லிட்டர் டீசல் என்றால் 2,894 கிலோ. ஜெனரேட்டருக்கு மாதம் 15 லிட்டர், 482 கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் ஆண்டுக்கு ஆறு, 342 கிலோ. பழைய ஏ.சி.க்கு ஒரு கிலோ ஆர்-22 வாயு நிரப்பியது 1,810 கிலோ. மொத்தம் 11,792, ஏறத்தாழ 11.8 டன். இப்போது பட்டியலைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். முதல் மூன்று வரிக்கு மட்டும் யார் செய்வது, எந்த மாதத்துக்குள், எந்தத் தலைப்பில் பணம் என்று எழுதுங்கள். திட்டம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: 0.72 என்ற எண் நாட்டில் சூரிய மின்சாரம் கூடக்கூடக் குறையும். அடிப்படை ஆண்டுக்கு ஒரு எண், அடுத்த ஆண்டுக்கு வேறு எண் என்று போட்டால், நாடு செய்த குறைப்பு உங்கள் சாதனையாகத் தெரியும். இரண்டு ஆண்டுக்கும் ஒரே எண்ணை வையுங்கள். புதிய எண்ணை வேண்டுமானால் அடிக்குறிப்பில் காட்டலாம்.

வளாகத்தில் 50 மரக்கன்று நட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடாதா?
– கூட்டுறவுச் சங்கச் செயலாளர், தேவகோட்டை வட்டம்

ஆகாது. நன்கு வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கிலோ இழுக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தோராயம். மேலே சொன்ன 11.8 டன்னுக்கு 590 வளர்ந்த மரம் வேண்டும். இந்தச் செம்மண்ணில் கன்று அந்த நிலைக்கு வரப் பல ஆண்டு ஆகும், கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளும் வேண்டும். நடுங்கள், நிழலுக்காக. மேற்குச் சுவர் ஓரம் நட்ட வேம்பு மாலை வெயிலை மறைத்து ஏ.சி.யின் வேலையைக் குறைக்கும். அந்தக் குறைவு மின் பில்லில் தானாக வந்துவிடும். இன்னொரு தடவை எழுத வேண்டாம்.

ஒவ்வொரு மார்ச்சிலும் ஏ.சி.க்குக் கேஸ் நிரப்புகிறோம். மெக்கானிக் ‘கேஸ் கரைந்துவிட்டது’ என்கிறார். இதுவும் கார்பன் கணக்கில் வருமா?
– கணக்கர், காரைக்குடி

வரும், அதுவும் கனமாக. ஏ.சி.யின் வாயு மூடிய குழாயில் சுற்றுவது. அது பெட்ரோல் மாதிரி தீர்ந்து போகாது, கரையவும் கரையாது. குறைந்திருந்தால் கசிந்திருக்கிறது என்றுதான் பொருள். ஒரு கிலோ ஆர்-22 வெளியேறினால் 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-410ஏ என்றால் 2,088. ஆர்-32 என்றால் 675. ஆர்-290, அதாவது புரொப்பேன், 3 அளவுதான். ஆனால் தீப்பிடிக்கும் வாயு, பயிற்சி பெற்றவரைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. உங்கள் ஏ.சி.யில் எது இருக்கிறது என்பது வெளி யூனிட்டின் பக்கவாட்டுத் தகட்டில் எடையோடு அச்சிட்டிருக்கும். 1.5 டன் ஸ்பிளிட் என்றால் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். மேலே சொன்ன மாதிரி அலுவலகத்தில் ஒரு தடவை ஆர்-22 நிரப்பியது ஐந்து ஆண்டு தேநீர் அடுப்புக்கு மேல்.

கசிவு வழக்கமாக மூன்று இடத்தில்: செம்புக்குழாய் சேரும் ஃபிளேர் நட், உள் யூனிட்டின் சுருள், வெளி யூனிட்டின் சர்வீஸ் வால்வு. சோப்பு நுரை தடவினால் நட்டில் உள்ள கசிவு குமிழியாகத் தெரியும். சுருள் அரித்திருந்தால் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே வேலை ஆணையில் நான்கு சொற்றொடரைச் சேருங்கள்: மிச்ச வாயுவைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடித்தெடுக்க வேண்டும், நைட்ரஜன் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும், வேக்வம் பம்ப் போட்ட பிறகே நிரப்ப வேண்டும், நிரப்பிய எடையை ரசீதில் கிராமில் எழுத வேண்டும். கடைசி வரி இருந்தால் மற்ற மூன்றும் ஓரளவு தானாக நடக்கும். எடை எழுதாத ரசீதுக்குப் பணம் பட்டுவாடா செய்யாதீர்கள்.

ஆர்-22 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி நம் நாட்டில் 2030ஐ ஒட்டி விடைபெறும் வாயு. இரண்டு தடவை கசிந்த ஆர்-22 பெட்டிக்கு மூன்றாவது தடவை செலவழிப்பது வீண். புதிது வாங்கினால் ஆர்-32, ஐந்து நட்சத்திரம். வெப்பநிலையை 26இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏ.சி. மின்சாரத்தில் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம்.

எல்.இ.டி. விளக்கு மாற்றிவிட்டோம், ஆள் இல்லாத அறையில் விசிறியை நிறுத்துகிறோம். பில் குறையவே இல்லை. மீட்டரில் கோளாறா?
– தலைமை எழுத்தர், திருப்பத்தூர் வட்டம்

மீட்டரைச் சந்தேகிக்குமுன் ஒரு சோதனை. வெள்ளி மாலை 6 மணிக்கு அலுவலகம் பூட்டும்போது மீட்டரில் யூனிட் எண்ணைக் கைபேசியில் படம் எடுங்கள். திங்கள் காலை 9 மணிக்குத் திறந்தவுடன் இன்னொரு படம். இடையில் 63 மணி நேரம். உதாரணத்துக்கு 38 யூனிட் ஓடியிருந்தால், யாருமே இல்லாத கட்டடம் இடைவிடாமல் 600 வாட் தின்றுகொண்டிருக்கிறது.

இது சின்ன எண் போலத் தெரியும். ஆண்டில் 8,760 மணி நேரம். 240 வேலை நாள், நாளுக்கு 8 மணி என்றால் அலுவலகம் நடப்பது 1,920 மணி நேரம்தான். மிச்சம் 6,840 மணி நேரமும் 600 வாட் ஓடினால் 4,104 யூனிட். ஆண்டுக்கு 8,700 யூனிட் எடுக்கும் அலுவலகத்தில் இது 47 சதவீதம். பகலில் விசிறியை நிறுத்தி நிறுத்தி மிச்சம் பிடித்ததெல்லாம் இரவில் ஒழுகிப் போகிறது.

யார் தின்பது என்று கண்டுபிடிக்க மின்பணியாளர் வேண்டாம். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று போட்டிருக்கும், 1600 அல்லது 3200 என்பதுபோல. ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை என்று எண்ணி, 60ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் கிலோவாட். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 32 என்றால் 0.6 கிலோவாட். மாலையில் எல்லோரும் போன பிறகு எம்.சி.பி.யை (ஒவ்வொரு வரிசைக்கும் மின்பெட்டியில் உள்ள தடுப்பு ஸ்விட்ச்) ஒவ்வொன்றாக இறக்கி எண்ணிக்கொண்டே வாருங்கள். எதை இறக்கும்போது மினுக்கல் சட்டென்று குறைகிறதோ அந்த வரிசையில் திருடன் இருக்கிறான்.

பெரும்பாலும் அகப்படுவது இவை: ‘காலையில் திறக்க நேரமாகும்’ என்று அணைக்காமல் விட்ட ஆறு கணினி, தலைக்கு 40 வாட், ஆக 240. சுமையே இல்லாமல் சூடாக நிற்கும் 3 கே.வி.ஏ. யூ.பி.எஸ்., 150. தாழ்வாரத்துக் குடிநீர்க் கூலர், சராசரியாக 120. சி.சி.டி.வி.யும் ரூட்டரும் 60. வாசல் விளக்கு 30. இதில் அறுபதும் முப்பதும் தேவையானவை. அந்த அறுபதுக்கென்று ஒரு சிறிய யூ.பி.எஸ். தனியாக வைத்துவிட்டால் பெரியதை இரவில் நிறுத்தலாம். கூலருக்கு டைமர். கணினிக்கு, கடைசியாகப் போகிறவர் இறக்கும் ஒரே ஸ்விட்ச். இரவுச் சுமை 200 வாட்டுக்கு வந்தால் ஆண்டுக்கு 2,736 யூனிட் மிச்சம், 1,970 கிலோ. செலவு சில ஆயிரம்.

நடுவில் கெடுவது எங்கே என்றால், மெயின் ஸ்விட்சையே இறக்கிவிடும் உற்சாகத்தில். சி.சி.டி.வி. நின்றுவிடும், வருகைப்பதிவு இயந்திரத்தின் கடிகாரம் பிசகும், ஒரே வாரத்தில் ‘அந்தத் திட்டமெல்லாம் வேண்டாம்’ என்று உத்தரவு வரும். எது அணையக் கூடாதோ அதற்குத் தனி வயர் இழுத்த பிறகே மற்றதை அணையுங்கள்.

எங்கள் அலுவலகம் வாடகைக்கு எடுத்த பழைய செட்டிநாட்டு வீட்டில் நடக்கிறது. பதினாறு அடி உயரக் கூரை. ஃபால்ஸ் சீலிங் போட்டு ஏ.சி. வைத்தால் மின்சாரம் குறையும் என்கிறார் ஒப்பந்ததாரர். வீட்டுக்காரர்களோ பதினொரு பங்காளிகள், மூவர் வெளிநாட்டில். யாரிடம் அனுமதி கேட்பது?
– கிளை மேலாளர், கானாடுகாத்தான் பக்கம்

பங்காளிகள் பதினொரு பேராக இருப்பது உங்களுக்கு நல்லதுதான். அவசரப்பட்டு எதையும் இடிக்க முடியாது.

உயரமான கூரை வெப்பத்தை உங்கள் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துவதற்காக வைத்தது. மேலே உள்ள சாளரங்கள் அதை வெளியேற்ற. நடுவில் முற்றம், வளவைச் (முற்றமுள்ள நடுக்கட்டு) சுற்றித் தாழ்வாரம், தடித்த சுவர், வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் ஒரே இயந்திரத்தின் உறுப்புகள். ஃபால்ஸ் சீலிங் போட்டால் சாளரம் அடைபடும், பிறகு ஏ.சி. இல்லாமல் உட்காரவே முடியாது. பர்மாத் தேக்குச் சட்டத்தில் கரையான் ஏறினாலும் கண்ணில் படாது. குளிர்விக்க வேண்டிய கன அளவு குறையும் என்று ஒப்பந்ததாரர் சொல்வது உண்மைதான். ஆனால் இதுவரை குளிர்விக்கவே தேவையில்லாத அறையில் அந்தச் சேமிப்புக்கு என்ன பொருள்?

முதலில் சாளரங்களைத் திறங்கள். பாதி அலுவலகங்களில் அவை அட்டை வைத்து அடைத்திருக்கும், அல்லது கோப்பு அலமாரி மறைத்திருக்கும். புறாவுக்காக அடைத்திருந்தால் அட்டையை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடியுங்கள். விசிறியைக் கூரையை ஒட்டித் தொங்கவிட்டால் காற்று கீழே வராது. நீளத் தண்டு போட்டுத் தரையிலிருந்து 8 முதல் 9 அடிக்குள் இறக்குங்கள். கணினியும் பிரிண்டரும் உள்ள மேசைகளை வளவுப் பக்கம், காற்றோட்டத்தில் வையுங்கள். ஏ.சி. கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டாம்கட்டில், அதாவது வளவுக்குப் பின்னால் உள்ள பகுதியில், ஒரு சிறிய அறைக்கு மட்டும்.

மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பது மலிவான, நிச்சயமான வழி. சுண்ணாம்பை ஊறவைத்து வடிகட்டி, ஒட்டுப்பசை சேர்த்து இரண்டு மூன்று பூச்சு. தை கடைசியில் அல்லது மாசியில் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கழுவிவிடும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். புரட்டாசியில் அடித்துவிட்டு ‘பயனில்லை’ என்று எழுதிய கோப்புகள் உண்டு. மழைநீர் இறங்கும் குழாய்வாயை முதலில் சுத்தம் செய்யுங்கள். மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த மெட்ராஸ் டெரஸ் தளத்தில் நீர் தேங்கினால் சட்டத்தின் முனை இற்றுப்போகும். கறுப்புத் தார் விரிப்பு ஒட்ட யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கசிவு நின்றாலும் அறை வெந்துபோகும்.

சுவர் உதிர்கிறது என்று சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை மூச்சுவிடும். சிமெண்ட் அதை உள்ளே அடைக்கும், உப்புப் பூத்து இரண்டு ஆண்டில் பாளம் பாளமாக விழும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் பெயர்க்க வேண்டாம். அந்தக் கல் சூளையில் வேகாமல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறியே இறுகுவது. இருக்கும் தரையைத் தக்கவைத்தால் அதுவும் மிச்சம். அதை எடுத்துவிட்டு ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்ட வழுவழு டைல்ஸ் போடுவது இரட்டை நட்டம்.

அனுமதி பற்றி: சாளரம், விசிறித் தண்டு, வெள்ளைப் பூச்சு மூன்றுக்கும் வாடகை வாங்கும் பங்காளியின் ஒரு கடிதமே போதுமா என்று ஒப்பந்தப் பத்திரத்தில் பாருங்கள். விசிறி, விளக்கு, யூ.பி.எஸ். உங்களுடையவை. காலி செய்யும்போது கூடவே வரும். முதலீட்டை அவற்றில் வையுங்கள்.

அலுவலகக் கட்டடத்தின் கணக்கைச் சரியாக எடுத்துவிட்டோம். ஊராட்சி மோட்டார்களையும் சேர்க்க வேண்டுமா?
– ஊராட்சிச் செயலாளர், திருமயம் வட்டம்

கட்டாயம் சேருங்கள், தனித் தலைப்பில். ஏழரை குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் 6.5 கிலோவாட் இழுத்து நாளுக்கு 7 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 16,600 யூனிட்; ஏறத்தாழ 12 டன். ஒரே மோட்டார், மேலே சொன்ன முழு அலுவலகத்துக்கு மேல். அலுவலகத்தில் ட்யூப்லைட்டை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு இதை விட்டால் திட்டம் வெறும் தாள்.

மோட்டார் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். மேல்நிலைத் தொட்டியின் விநியோக வால்வை முழுக்க மூடுங்கள். இதை மறந்தால் கணக்கு முழுதும் தப்பு, ஏறும்போதே இறங்கிக்கொண்டிருக்கும். தொட்டி காலியிலிருந்து நிறைய எவ்வளவு நேரம் என்று குறியுங்கள். 60,000 லிட்டர் தொட்டி 4 மணி நேரத்தில் நிறைந்தால் மணிக்கு 15 கன மீட்டர். அதே நேரத்தில் மோட்டார் மீட்டரின் யூனிட்டைத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்து மணியால் வகுங்கள், 6.5 வரும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து மொத்த உயரம்: ஓடும்போது ஆழ்குழாயில் நீர்மட்டம் 50 மீட்டர் கீழே, தொட்டி 15 மீட்டர் மேலே, குழாய் உராய்வுக்கு 5, ஆக 70 மீட்டர். 15ஐ 70ஆல் பெருக்கி 367ஆல் (கிலோவாட்டாக மாற்றும் எண்) வகுத்தால் 2.86 கிலோவாட். தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான். 6.5இல் 2.86 என்பது 44 சதவீதம்.

நல்ல பம்ப் செட் 55க்கு வரும். வந்தால் அதே தண்ணீருக்கு 5.2 கிலோவாட் போதும். ஆண்டுக்கு 3,300 யூனிட்டுக்கு மேல், 2.4 டன் மிச்சம்.

திறன் ஏன் விழுகிறது? திரும்பத் திரும்பக் கம்பிச்சுருள் மாற்றிக் கட்டிய மோட்டார் ஒரு காரணம்; ஒவ்வொரு ரீவைண்டிங்கிலும் கொஞ்சம் போகும். மணல் தின்ற இம்பெல்லர், அதாவது பம்பின் உள்ளே சுழலும் சக்கரம், இன்னொன்று. நீர்மட்டம் இறங்கிய பிறகும் பழைய உயரத்துக்கு வாங்கிய பம்பையே ஓட்டுவது மூன்றாவது. பலர் கவனிக்காதது குழாய். இந்த அளவு தண்ணீரை 2 அங்குலக் குழாயில் ஏற்றினால் வேகம் நொடிக்கு 2 மீட்டர் ஆகிவிடும். இரண்டரை அங்குலம் என்றால் 1.3 மீட்டர், உராய்வு மூன்றில் ஒரு பங்காகும். ஆகவே புதுப் பம்ப் வாங்குமுன் மேலேற்றும் குழாயைப் பாருங்கள். அதற்கும் முன்னால், தெருக்குழாயில் ஒழுகும் தண்ணீரை நிறுத்துங்கள். ஒழுகுவதும் 70 மீட்டர் ஏறி வந்த தண்ணீர்தான்.

தெருவிளக்குக்கு ஒரு வரி: காலை 8 மணிக்கும் எரிகிறது என்றால் டைமரின் உள் பேட்டரி செத்திருக்கும், ஒவ்வொரு மின்தடைக்கும் கடிகாரம் பின்தங்கும். பேட்டரியை மாற்றுங்கள்.

சூரிய மின்தகடு எத்தனை கிலோவாட் போடலாம்? மானியம் உண்டா?
– செயல் அலுவலர்

மேலே சொன்ன குறைப்புகளைச் செய்து ஆறு மாதம் கழித்து வரும் பில்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இப்போதே போட்டால் இரவில் எரியும் கணினிக்கும் சேர்த்துத் தகடு வாங்குவீர்கள்.

நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 யூனிட் தரும். நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். 5 கிலோவாட் என்றால் 7,000 யூனிட், 5 டன். காரைக்குடி பத்தாம் அட்சரேகையில் இருப்பதால் தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வு போதும். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு மானியம் குடியிருப்புகளுக்கு. அலுவலகத்துக்கு அதை எதிர்பார்த்து மதிப்பீடு போடாதீர்கள். சனி, ஞாயிறு உற்பத்தி மின்வாரியக் கட்டமைப்புக்குப் போகும் என்பதால் அதற்கு என்ன கணக்கு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மின்தடையிலும் விளக்கு எரியும் என்று நினைத்துப் போடுகிறவர்கள் ஏமாறுவார்கள். கட்டமைப்போடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்காக, மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். தகட்டை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, வெயில் ஏறுமுன் கழுவ வேண்டும். ஆழ்குழாய் உப்புநீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு படியும், கடைசியில் துடைத்துவிடுங்கள். கழுவுவது யார் வேலை என்று வேலை ஆணையில் பதவிப் பெயர் போடாத இடங்களில் இரண்டாம் ஆண்டே தூசி ஓடு மாதிரி படிந்திருக்கும். பழைய ஓட்டு வீட்டின் மேல் ஏற்ற வேண்டாம். வண்டிக் கொட்டகை இருந்தால் அதன் மேல்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இருக்கிறது. மின்தடையில் சுமை 3 கிலோவாட்தான். தடுப்பூசிக் குளிர்பெட்டியை இரவில் நிறுத்தி மிச்சம் பிடிக்கலாமா?
– மருந்தாளுநர், தேவகோட்டை வட்டம்

குளிர்பெட்டியில் கை வைக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரி என்பது பேரத்துக்கு உரியதல்ல. பனிச்சுவர் உள்ள பெட்டி சில மணி நேர மின்தடையைத் தாங்கும். அது ஆபத்துக்கு வைத்த கையிருப்பு, தினமும் எடுத்துச் செலவழிக்க அல்ல.

ஜெனரேட்டர்தான் பிரச்சினை. நல்ல சுமையில் ஒரு லிட்டருக்கு 3 யூனிட் கிடைக்கும். இவ்வளவு குறைந்த சுமையில் அதில் பாதிகூடக் கிடைப்பது அரிது. ஒரு யூனிட்டுக்கு 1.8 கிலோ ஆகிவிடும், மின்வாரியத்து யூனிட்டைப் போல இரண்டரை மடங்கு. எரியாத டீசல் புகைக்குழாயில் பிசுபிசுப்பாக ஒட்டி இயந்திரத்தையும் கெடுக்கும். விளக்கு, விசிறி, கணினி, குளிர்பெட்டியை ஒரு லித்தியம் பேட்டரி இன்வெர்ட்டருக்கு மாற்றி, நீண்ட தடைக்கும் பிரசவ அறைக்கும் மட்டும் ஜெனரேட்டரை எடுங்கள். குளிர்பெட்டியின் கம்ப்ரசர் கிளம்பும்போது சில நொடி பல மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டரின் திறனை அதற்கேற்பக் கேளுங்கள்.

காகிதம்?
– உதவியாளர், காரைக்குடி

75 ஜி.எஸ்.எம். ஏ4 ஒரு ரீம் 2.3 கிலோ. தயாரிப்பில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உமிழ்வு என்று வைத்தால் ஆண்டுக்கு நூறு ரீம் 230 கிலோ. இருபக்கமும் அச்சிடுங்கள், நல்லது. ஆனால் ஒரு ஏ.சி. கசிவில் எட்டில் ஒரு பங்குதான் இது. திட்டத்தின் முதல் பக்கத்தில் வேண்டாம்.

நூலகத்தில் 12 மின்விசிறி. பி.எல்.டி.சி. விசிறி (மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் உள்ளது) வாங்கலாம் என்றால் ‘விலை குறைந்ததைத்தான் வாங்க வேண்டும், தணிக்கையில் மாட்டுவோம்’ என்கிறார்கள்.
– நூலகர்

விலை குறைந்ததைத்தான் வாங்க வேண்டும்; ஆனால் எதில் குறைந்தது என்பதை விவரக்குறிப்பு தீர்மானிக்கிறது. ‘1200 மில்லிமீட்டர் கூரை விசிறி’ என்று மட்டும் எழுதினால் 75 வாட் விசிறிதான் முதலில் வரும். ‘ஐந்து நட்சத்திரம், அதிகபட்சம் 32 வாட், இரண்டு ஆண்டு உத்தரவாதம்’ என்று எழுதினால் அந்த வகைக்குள் குறைந்த விலை வரும். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் வடிகட்டியே தேடலாம். கூரை விசிறிக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி முதல் கட்டாயம் என்பதைக் கோப்பில் குறித்து வைத்தால் தணிக்கையருக்கும் பிடி கிடைக்கும். கூடவே ஒரு வரிக் கணக்கு: விசிறிக்கு 43 வாட் மிச்சம், ஆண்டுக்கு 1,920 மணி நேரம், 82.6 யூனிட். பன்னிரண்டுக்கு 991 யூனிட், ஏறத்தாழ 713 கிலோ. உங்கள் பில்லின் யூனிட் விலையால் பெருக்கினால் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று தெரியும்.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும். அதை விட்டுவைத்தால் விசிறி விட்டு விட்டு ஓடும், உள்ளே உள்ள மின்சுற்று கெடும். ரிமோட் நூலகத்தில் ஒரு மாதம்கூடத் தங்காது. சுவர் ஸ்விட்சிலேயே வேகம் மாறும் மாடலாகக் கேளுங்கள்.

பழைய பன்னிரண்டு விசிறியையும் அன்றைக்கே கழிவுப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று பின்னறையில், சைக்கிள் கொட்டகையில், பக்கத்து அலுவலகத்தில் மாட்டிவிடுவார்கள். விசிறி இருபத்து நான்கு ஆகிவிடும்.